சம்பந்தி வீட்டு ராப்

கம்பத்திலிருந்து தேனிக்குப் போகிற ரோடு பூம் பாப். கம்பம்மெட்டுக்கு ஏறுகிற ரோடு ட்ராப். எங்கள் கூட்டத்தில் இதை முதலில் சொன்னவர் ஜீப் ஓட்டும் அண்ணன். காலையில் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு ஆட்களை மேலே ஏற்றிப் போய், சாயங்காலம் இறக்கிக் கொண்டுவருவது அவர் தொழில். ராப்பில் என்னென்ன வகை இருக்கிறது என்று நாங்கள் போனில் தேடிக் குழம்பிக்கொண்டிருந்தபோது, அவர் ஒரே வளைவில் விஷயத்தை முடித்தார்.

"தேனி ரோட்டுல தாளம் ஒரே சீரா வரும். டும் டக்கு, டும் டக்கு. தலைய ஆட்டிக்கிட்டே போயிரலாம். அது பழைய ஸ்டைலு. மேட்டு ரோட்டப் பாரு, வளைவுக்கு வளைவு கியர மாத்திக்கிட்டே இருக்கணும். டிக்கி டிக்கி டிக்கி டிக்கின்னு. அது ட்ராப்பு."

"அப்ப ட்ரில்லு?" என்று கேட்டேன்.

"லோடு ஏத்திக்கிட்டு மேட்டுல நின்னுபோயி, வண்டி மெதுவாப் பின்னால சறுக்கும் பாரு, அப்ப அடிவயித்துல ஒண்ணு கொழையும்ல? அதான் ட்ரில்லு."

இன்றைக்கும் ட்ரில் பாட்டில் அந்த பேஸ் சத்தம் வழுக்கி இறங்கும்போது என் கால் தானாக பிரேக்கைத் தேடுகிறது.

எல்லார் கையிலும் டேட்டா வந்து சேர்ந்த புதிது அது. நாங்கள் நாலு பேர். ஜீப் அண்ணன். அவருடைய கூட்டாளியான என் சொந்த அண்ணன். பழைய லேப்டாப் ஒன்றில் எங்களுக்கு பீட் செய்து கொடுப்பவன் அவன்தான். அனுமந்தன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற வீட்டுப் பையன் ஒருவன், உத்தமபாளையத்தில் பி.காம். படித்துக்கொண்டிருந்தான். பள்ளத்தாக்கிலேயே அவனை மாதிரி ராப் பாட ஆள் கிடையாது என்று நாங்கள் நம்பினோம், அவனும் நம்பினான். நாலாவது ஆள் நான். கூட்டத்தில் ஒரே பெண். உத்தமபாளையத்துக்காரி. அப்பாவுக்கு அரசாங்கச் சம்பளம். பஸ்ஸில் காலேஜுக்குப் போகும்போது டிக்கெட்டின் பின்பக்கத்தில் எதுகை எழுதுகிற நோய் எனக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பையன் வீட்டு பேக்கிங் ஷெட்டில் கூடுவோம். தகரக் கூரை. ஓரமாகப் பழப் பெட்டிகள். அந்தப் பெட்டிகளைத் தட்டித்தான் முதலில் தாளம் பழகினோம். மைக் கிடையாது. அதற்குப் பதிலாகக் குலை வெட்டும் கத்தரி. அது யார் கையில் இருக்கிறதோ அவர் பாடலாம், மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது.

பாஷையும் ஷெட்டிலிருந்தே வந்தது. நல்ல வரி விழுந்தால் "கொத்து!" என்று கத்துவோம். எதுகைக்காக இழுத்துக் கட்டிய வரி புளிப்பு. முன்கூட்டியே எழுதாமல் அந்த இடத்திலேயே பாடினால் "மருந்தடிக்காதது". குரலைக் கம்ப்யூட்டரில் சரிசெய்கிற ஆட்டோட்யூனுக்குப் பெயர் ஏலக்காய்: இரண்டு தட்டிப் போட்டால் மணக்கும், கை நிறையப் போட்டால் பாயசத்தையே கீழே கொட்ட வேண்டியதுதான். வெளிநாட்டு ராப்பர்கள் வாயில் எங்களுக்குப் பிடிபடாத வார்த்தைகள் என்னென்னவோ இருந்தன. அவற்றை மனப்பாடம் செய்து நான் ஒப்பிப்பேன். கொஞ்ச நாளில் எனக்கே அவை மறந்துபோய், கொத்தும் புளிப்பும்தான் நாக்கில் நின்றன.

எங்களுக்கு இருந்த ஒரே பெரிய சிக்கல் பேட்டில்.

பேட்டில் என்றால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று, பாட்டிலேயே ஒருவரை ஒருவர் கிழிக்க வேண்டும்; அந்தக் கிழிப்புக்குப் பெயர் டிஸ். அதுதான் ராப்புக்கு முதுகெலும்பு. ஆனால் எங்கள் பக்கம் யாரை யார் கிழிக்கலாம் என்பதற்கு ராப் பிறப்பதற்கு முன்பே சட்டம் இருக்கிறது. மாமன் மச்சான் முறை என்றால் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். சொல்லாவிட்டால்தான் கோபம் வரும். பங்காளி முறை என்றால் வாயைக் கட்ட வேண்டும். அவன் அம்மா உனக்கும் சின்னம்மா ஆகிவிடுகிறாளே, சின்னம்மாவை வைத்து எப்படி வரி கட்டுவது?

அதனால் வெளியூர்ப் பையன் யாராவது பேட்டிலுக்கு என்று வந்தால் முதல் சுற்று முறை பார்க்கிற சுற்றுதான். "எந்த ஊரு நீங்க?" என்பதில் தொடங்கும். "யார் வீடு" என்ற கேள்விக்குள் வேறொரு கேள்வி ஒளிந்திருக்கும் என்பது தெரிந்ததால், ஜீப் அண்ணன் வீட்டை விட்டுவிட்டு ஊரை மட்டும் பிடித்துக்கொள்வார். எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் மாமன் மச்சான் முறை என்று அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. அது பாதி நிஜம், பாதி அவர் சௌகரியம். சின்னமனூரிலிருந்து ஒருவன் கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினான். பேசப் பேச அவனுடைய பெரியப்பா ஜீப் அண்ணனுக்கு அண்ணன் முறை என்று தெரிந்துவிட்டது. அவ்வளவுதான். பேட்டில் டீயும் வடையுமாக முடிந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வரேன் சித்தப்பா" என்று கும்பிட்டுப் போனான்.

எனக்கோ டீயில் முடிகிற பேட்டில்கூடக் கிடைக்கவில்லை. நான் என் அண்ணனோடு வந்தவள். ஆகவே ஷெட்டில் எல்லாருக்கும் தங்கச்சி. திராட்சைத் தோட்டத்துப் பையன் என்னைவிடச் சில மாதமே மூத்தவன், அவனுக்கும் தங்கச்சிதான். நான் பாடினால் எல்லாரும் கைதட்டுவார்கள். புளிப்பு வரிக்கும் கைதட்டு விழும். என்னிடம் கொத்து இருக்கிறதா இல்லையா என்பதே எனக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.

கைதட்டலில் பெரிய கைதட்டல் என் மழைப் பாட்டுக்கு. மாடியில் நின்றபடி, மேற்கு மலையிலிருந்து மழை இறங்கி வருவதைப் பார்த்து எழுதியது.

பெய்யி பெய்யி மழையே பெய்யி
பள்ளத்தாக்க நனைக்கட்டும் ஒங்கையி

ஜீப் அண்ணன் அதைப் பென்டிரைவில் ஏற்றி, வேலைக்குப் போகிற பெண்களுக்குப் போட்டுக் காட்டினார். "அந்தப் பெய்யி பாட்டப் போடுப்பா" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அந்தப் பாட்டு ஷெட்டில் ஒலிக்கும்போதெல்லாம் திராட்சைத் தோட்டத்துப் பையன் மட்டும் போனை நோண்டிக்கொண்டிருப்பான். நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டான், கொத்து என்றும் சொல்ல மாட்டான். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சித்திரையில் அடைமழை மாதிரிப் பெய்தது. அடுத்த இரண்டு ஞாயிறு அவன் ஷெட்டுப் பக்கமே வரவில்லை. கேட்டதற்கு "தோட்டத்துல சோலி" என்றான்.

ஆடி கழிகிற சமயம் செய்தி வந்தது. தேனியில் ஒரு கல்லூரி விழாவில் ராப் பேட்டில் வைக்கிறார்கள். ஒரு குழுவுக்கு ஒருவர். எங்களில் யார் போவது? நானா, அவனா? ஜீப் அண்ணனுக்கு மேடை என்றாலே பயம். "ரெண்டு பேரும் இங்கனயே மோதிப் பாத்துக்கங்க. ஜெயிக்கிறவுக போகட்டும்" என்றார்.

நான் ஒரு வாரம் தூங்கவில்லை. எப்படியும் எனக்கு ஒரு நிஜமான அடி விழப்போகிறது, நானும் திருப்பி அடிக்கப்போகிறேன். அதற்காகத்தானே இத்தனை நாள்?

ஞாயிறு வந்தது. அண்ணன் பீட்டை ஓடவிட்டான். பையன் கத்தரியைக் கையில் எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துப் பாடினான்:

தங்கச்சி வந்தா தரையெல்லாம் பூவு
தப்பாப் பேசுனா கிழிஞ்சிரும் நாவு
எங்கண்ணன் வீட்டுக்கு இவதான் வெளக்கு
எதுத்து வந்தவன் ஓடுறா கெழக்கு

ஜீப் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். என் அண்ணன் கைதட்டினான். "நீயே தேனிக்குப் போ, தங்கச்சி" என்று பையன் கத்தரியை என்னிடம் நீட்டினான்.

"இது என்னண்ணே, டிஸ்ஸா? தாய்மாமன் சீரு மாதிரி இருக்கு. தட்டுல தேங்கா பழந்தான் கொறையுது" என்றேன்.

"வேற என்ன பண்ணச் சொல்ற? ஒன்னையத் திட்டிப்புட்டு ஒங்க வீட்டுல எப்படிச் சோறு திங்கிறது? அம்மா எனக்குத்தான் மொதக் கரண்டி போடுறாக."

"சோத்தையும் ராப்பையும் ஏன் ஒண்ணாப் பெசையுறீக? நான் பாடுறது நல்லாருக்கா இல்லையான்னு ஒரு தடவையாவது சொல்லியிருக்கீகளா?"

"தங்கச்சி பாடுனா நல்லாத்தான் இருக்கும்."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ. "அப்படின்னா என்னையத் தங்கச்சின்னு கூப்புடாதீக."

ஜீப் அண்ணன் இருமினார். என் அண்ணன் லேப்டாப்பை மெதுவாக மூடினான். பையன் காது மடல் வரை சிவந்து, பழப்பெட்டிகளை எண்ணுகிறவன் போல அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பதே எனக்குப் புரிந்தது. எங்கள் ஊரில் ஒரு பெண், ஒரு பையனிடம் 'நான் உனக்குத் தங்கச்சி இல்லை' என்று சொன்னால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. ஆனால் அதைத் தவிர நிற்பதற்கு எனக்கு வேறு இடமும் இல்லை. தங்கச்சியாக இருந்தால் பூவும் விளக்கும். தங்கச்சி இல்லை என்றால் ஊர் வாய். இரண்டுக்கும் நடுவில் ஒரு ராப்பர் நிற்க ஓர் அடி தரை கிடையாது.

"வீட்டுக்குப் போவோம்" என்றான் அண்ணன். போய்விட்டோம். அதற்கப்புறம் ஞாயிறுகளில் நான் துணி துவைத்தேன்.

ஆவணியில் அண்ணனுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு ஊர் வருசநாட்டுப் பக்கம் கடமலைக்குண்டு. உத்தமபாளையத்தில் மண்டபம். தாலி கட்டி, பந்தி முடிந்து, சாயங்காலம் நலங்கு வைக்க உட்கார்ந்தார்கள். நான் புது நாத்தனார் என்பதால் மதினிக்குப் பக்கத்திலேயே சந்தனக் கிண்ணத்தோடு உட்கார வைத்துவிட்டார்கள். சந்தனம் பூச வந்த பெண் வீட்டுச் சின்னம்மா ஒருத்தர் பூசி முடிக்கும்போதே ஆரம்பித்தார்.

"கம்பத்துப் பக்கம் ஆத்துப் பாசனம்னு சொன்னாக. நெசந்தான் போல. சாம்பார்லயும்ல பாசனம் பண்ணியிருக்காக!"

மண்டபமே அதிர்ந்தது. எங்கள் அத்தை விடுவாரா? தட்டிலிருந்து மஞ்சளை எடுத்தபடியே, "வருசநாட்டு பஸ்ஸு ஆடுன ஆட்டத்துல, பொண்ணு வீட்டுச் சீர்ல பாதி வழியிலயே எறங்கிப் போச்சாமே ஆத்தா? எந்த ஸ்டாப்புல எறங்குச்சு?" என்றார்.

மதினி தலையைக் குனிந்தே இருந்தார். புதுப்பெண் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் உதடு அசையாமல் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "பாதி எறங்கல நாத்தனாரே. ஒங்கண்ணன் மொகத்தப் பாத்துட்டு அதுவாத் திரும்பிப் போயிருச்சு."

சந்தனக் கிண்ணம் என் கையிலிருந்து நழுவி மடியெல்லாம் சந்தனம்.

இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. வேன் பழசு, வாழை மரம் குட்டை, மேளக்காரர் தூங்கிவிட்டார், மாப்பிள்ளைக்குச் சட்டை இரவல். சொன்னவரும் சிரித்தார், சொல்லப்பட்டவரும் சிரித்தார். யாருக்கும் யாரும் அக்காவா தங்கச்சியா என்று அங்கே யாரும் பார்க்கவில்லை. ஆளைச் சொல்லவில்லை, வீட்டைச் சொன்னார்கள். இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. சம்பந்தி வீட்டைச் சொல்லாத கல்யாணம் உப்பில்லாத பந்தி.

பொட்டென்று எழுந்து, ஐஸ்கிரீம் ஸ்டாலுக்குப் பின்னால் நின்றிருந்த ஜீப் அண்ணனிடம் ஓடினேன். திராட்சைத் தோட்டத்துப் பையனும் அங்கேதான் இருந்தான். என்னைப் பார்த்ததும் தட்டைப் பார்த்துக் குனிந்தான்.

"நமக்கு ரெண்டு வீடு வேணும்ணே" என்றேன் மூச்சிரைக்க. "ஒண்ணு மாப்ள வீடு, ஒண்ணு பொண்ணு வீடு. இவரு ஒரு வீடு, நான் ஒரு வீடு. தங்கச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சம்பந்தி!"

ஜீப் அண்ணனுக்கு உடனே பிடித்துவிட்டது. பையன்தான் தயங்கினான். "மாப்ள யாரு, பொண்ணு யாரு? ஆளில்லாம எப்படிக் கல்யாணம்?"

"என் ஜீப்புதாம்லே மாப்ள. எஃப்.சி. முடிச்சு, பெயிண்ட் அடிச்சு, புது மாப்ள கணக்கா நிக்குது."

"பொண்ணு?"

"எங்கண்ணன் லேப்டாப்பு" என்றேன். "கொஞ்சம் வயசு கூடத்தான். ஆனா நல்ல கொணம்."

பையன் முதல் தடவையாகச் சிரித்தான்.

மறுவீடு எல்லாம் முடிந்த அடுத்த ஞாயிறு ஷெட்டில் கூடினோம். தீர்ப்புச் சொல்ல மதினியை அழைத்துப்போனேன். பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, புதுத் தாலியின் மஞ்சள் வாசனையோடு அதன் மேல் உட்கார்ந்துகொண்டு அவர் சட்டம் சொன்னார்.

"வீட்டச் சொல்லலாம். பழக்கத்தச் சொல்லலாம். பந்தியச் சொல்லலாம். ஒடம்பச் சொல்லி, பெத்தவக மேல பழி பேசி வாயத் தொறந்தீக, கத்தரியப் புடுங்கிருவேன். முடிஞ்சதும் ஒண்ணா ஒக்காந்து சாப்புடணும். மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டுப் போற வேலையெல்லாம் இங்கன ஆகாது. சரியா கொழுந்தனாரே?"

"சரிங்க மதினி" என்றான் பையன்.

முதலில் நான். அவன் அப்போது ட்ரில் பைத்தியத்தில் இருந்தான். எந்த வெயிலிலும் தலையை மூடிய கறுப்புச் சட்டை, தொண்டைக்குள்ளிருந்து ஒரு குரல், பாட்டு முழுக்கத் துப்பாக்கி. எனக்கு அது போதும்.

கருப்புச் சட்ட, தலையில முக்காடு
கத்திரி வெயில்லயும் வேகுது மண்டையோடு
லண்டன் சந்துல சுத்துனதாப் பேச்சு
லோயர்கேம்ப் தாண்டுனா வாங்குது மூச்சு
துப்பாக்கி தோட்டான்னு பாட்டுல வீம்பு
தோளுல தொங்குறது மருந்தடிக்கிற பம்பு

"கொத்து! கொத்து!" ஜீப் அண்ணன் தகரத்தில் ஓங்கி அடித்தார். மதினி வாயைப் பொத்திக்கொண்டார். பையன் முக்காட்டை மெதுவாகப் பின்னால் தள்ளிவிட்டான். அவன் கண்ணில் ஒன்று மாறியிருந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தான். கத்தரியை வாங்கிக்கொண்டான்.

ஆரம்பத்தில் சாதாரணமாகத்தான் போனான். பெண் வீட்டுப் பேச்சில் பாதி இங்கிலீஷ், லேப்டாப்புக்குப் பல் செட்டு கட்டணும் என்று என்னென்னவோ. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு லண்டன் குரல் போய்விட்டது. அனுமந்தன்பட்டிக் குரலில், அவசரமே இல்லாமல், தேனி ரோட்டில் போகிற மாதிரிச் சொன்னான்:

பெய்யி பெய்யின்னு நீ கேட்ட மழ
பெஞ்சுச்சு ஆத்தா எங்க தோட்டத்து மேல
மழ பெஞ்சா ஒனக்கு மாடியில பாட்டு
மாசம் பொறந்தா சம்பளச் சீட்டு
மழ பெஞ்சா எங்களுக்குப் பந்தலுல சாவு
வாயெடுத்துச் சொன்னதில்ல வயித்துல நோவு

யாரும் கொத்து என்று கத்தவில்லை. ஷெட்டுக்கு வெளியே திராட்சைப் பந்தல் தெரிந்தது. பழுக்கிற சமயத்தில் மழை பிடித்தால் திராட்சை வெடித்துவிடும், பிறகு வியாபாரி ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். அது இந்தப் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் மாடியில் நின்று 'பெய்யி' என்று எழுதியிருக்கிறேன். சித்திரையில் அவன் வராத அந்த ஞாயிறுகளில், நான் இதே ஷெட்டில், இதே பெட்டிகளைத் தட்டி, அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன்.

பதில் சொல்ல என் முறை. கத்தரி என் கையில். அண்ணன் பீட்டை நிறுத்தவில்லை. டும் டக்கு, டும் டக்கு என்று அது எனக்காகக் காத்துக்கொண்டு ஓடியது. நெஞ்சில் அடி விழுந்த இடம் எரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த எரிச்சலுக்கு அடியில் சில்லென்று ஒரு சந்தோஷம் ஊறிக்கொண்டிருந்தது. அடித்துவிட்டான். கடைசியில் ஒருவன் என்னை நிஜமாகவே அடித்துவிட்டான்.

கத்தரியை அவனிடமே நீட்டினேன்.

மதினி எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "பொண்ணு வீடு தோத்துப்போச்சு" என்றார். "ஆனா பந்தி பிரமாதம்."

சட்டப்படி ஒன்றாக உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டோம். சால்னாவை ஊற்றிக்கொண்டே அவனிடம் கேட்டேன்: "இத்தன நாளு ஏன் சொல்லல?"

"தங்கச்சி பாட்ட எப்படிக் கொற சொல்றது?" என்றான். பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, "சம்பந்தி பாட்டுன்னாத்தான் சொல்லலாம்" என்றான்.

"'எங்க தோட்டத்து மேல' வரி நல்லாருந்துச்சு. பல் செட்டு வரிதான் புளிப்பு" என்றேன்.

"தெரியும். அது அவசரத்துல வந்தது."

தேனிக்கு அவன்தான் போனான். நாங்கள் எல்லாரும் மாப்பிள்ளை ஜீப்பில் ஏறிக்கொண்டு கூடவே போனோம். அங்கே நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் தனியாகச் சிரித்துக்கொள்கிறேன். எதிராளி ஏதோ பெரிய ஊர்ப் பையன். எடுத்த எடுப்பிலேயே அம்மா, அக்கா என்று ஆரம்பித்துவிட்டான். அரங்கம் முழுக்க விசில். எங்கள் ஆள் மைக்கைக் கையில் வாங்கினான், வாயைத் திறந்தான், திறந்தபடியே நின்றான். பிறகு அந்தப் பையனைப் பார்த்து மைக்கிலேயே, மிக மரியாதையாகக் கேட்டான்:

"நீங்க எந்த ஊரு?"

அரங்கமே விழுந்து சிரித்தது. கிண்டல் செய்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். அவன் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே முறை பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

திரும்பி வரும்போது வீரபாண்டி தாண்டியதும் ஜீப் அண்ணன் கண்ணாடியில் அவனைப் பார்த்து, "ஏலே, கடைசி வரைக்கும் அவன் எந்த ஊருன்னு சொல்லவே இல்லையேடா" என்றார்.

"மொற தெரியாம எப்படிண்ணே திட்டுறது?" என்றான் அவன் பரிதாபமாக.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் சிரிக்க முடிந்தது. மதினிக்குப் புரையேறிவிட்டது. அந்தப் பயணம் முழுக்க, உப்புக்கோட்டை விலக்கு, சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஒவ்வொரு ஊர்ப் பலகை வரும்போதும் யாராவது ஒருவர் "நீங்க எந்த ஊரு?" என்று ஆரம்பிப்பார்கள்.

இப்போது நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு பூங்காவில் ராப் பாடுகிறவர்கள் வட்டமாகக் கூடுகிறார்கள். நானும் போகிறேன். நல்ல ஸ்பீக்கர், நல்ல மைக். யாரும் யாரிடமும் ஊர் கேட்பதில்லை. யாரும் என்னைத் தங்கச்சி என்பதில்லை. வாய்க்கு வந்தபடி கிழிக்கிறார்கள்: என் நிறம், என் உயரம், நான் பேசுகிற இழுவை. நானும் கிழிக்கிறேன். எதை நான் ஏங்கிக் கேட்டேனோ, அது வாராவாரம் வேண்டிய மட்டும் கிடைக்கிறது. ஒன்றும் உள்ளே இறங்குவதில்லை. தோளில் விழுந்து தெறித்துப்போகிறது. என் வீட்டுச் சோற்றைத் தின்றவன் ஒருவன் அடித்த அடி மட்டும் அதே இடத்தில் அப்படியே இருக்கிறது.

எங்கள் ஷெட்டில் இப்போது கூட்டம் கிடையாது. லேப்டாப் அவிந்துவிட்டது. ஜீப் அண்ணன் வேறு வண்டி மாற்றிவிட்டார். அதிலும் என் பாட்டு இருக்கிறதாம், ஆனால் பழுக்கிற மாதங்களில் மட்டும் போடுவதில்லையாம். மதினி போனில் சொன்னார். யாரும் அப்படிச் சொல்லவில்லை, அவராகவே நிறுத்திக்கொண்டாராம்.

போன வாரம் ஆபீஸ் ஜன்னலில் மழை அடித்தது. மேற்கே இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும், எப்போதும் போலக் கை போனைத் தேடியது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. தோட்டத்தில் இருப்பான் என்று வைக்கப்போகும்போது எடுத்தான். பின்னால் ஆட்கள் சத்தம், கத்தரிச் சத்தம்.

"என்ன சம்பந்தி, அங்கன மழையா?"

"ஆமா. அங்கன?"

"மேட்டு மேல கருத்துக்கிட்டு நிக்குது. இன்னும் எறங்கல. ரெண்டு பந்தலு பாக்கி, வெட்டிக்கிட்டு இருக்கோம்." யாரையோ பெட்டி எடுத்துவரச் சொல்லிவிட்டுக் கேட்டான். "நீ எதும் பாடித் தொலைச்சியா?"

"இல்லடா" என்றேன். "வாயே தெறக்கல. நீ வெட்டு."